முகப்படத்தில் தெரியும் குறையும் அதன் காரணமும்: வீட்டில் செய்த விளக்குகளுக்கும் வெளிப்புறப் படப்பிடிப்புக்கும் ஒரு பிழை நீக்கும் வழிமுறை

முகப்படம் ஒன்று சரியாக அமையாதபோது பெரும்பாலோர் முதலில் கேமராவின் மெனுவைத் திறக்கிறார்கள். அடுத்து லென்ஸைக் குறை சொல்கிறார்கள். ஆனால் எடுத்த படத்தையே சற்றுப் பெரிதாக்கிப் பார்த்தால், குறைக்கான காரணம் பெரும்பாலும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். கருவிழியில் தெரியும் வெண்புள்ளி, விளக்கு எங்கே இருந்தது, எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் காட்டும். மூக்கின் நிழல் விழுந்த திசை, விளக்கின் உயரத்தையும் பக்கத்தையும் காட்டும். அந்த நிழலின் விளிம்பு வெட்டியதுபோல் இருக்கிறதா, மெல்லக் கரைகிறதா என்பதிலிருந்து ஒளி கடுமையானதா மென்மையானதா என்பது தெரியும். கீழே வரும் ஒவ்வொரு குறைக்கும் இந்த மூன்றையும் முதலில் பார்த்து, விளக்கையோ ஆளையோ நகர்த்தி, அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டுமே கேமராவைத் தொட வேண்டும். படத்தைத் திருத்தும் மென்பொருள் அதற்கும் பிறகுதான்.

இங்கே வீட்டு விளக்கு என்று குறிப்பிடப்படுவது, தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியின் உட்புறம் முழுவதும் வெள்ளைச் சார்ட் ஒட்டி, நான்கு 9 வாட் எல்இடி பல்புகளைப் பொருத்தி, முகப்பில் மல் துணியோ பட்டர் பேப்பரோ இழுத்துக் கட்டிய பெட்டியாகும். அதனுடன் அரை அங்குல பிவிசி குழாயில் செய்த சட்டம் ஒன்று, அதன்மேல் கிளிப் போட்டு விரிக்க ஒரு பழைய வெள்ளை வேட்டி, ஒரு தெர்மாகோல் பலகை, ஒரு கறுப்புக் குடை ஆகியவை இருந்தால் இங்கே சொல்லப்படும் திருத்தங்கள் அனைத்தையும் செய்துவிடலாம்.

நிழல் வெட்டியதுபோல் விழுகிறது. நெற்றியும் மூக்கு நுனியும் மினுங்குகின்றன

கருவிழியில் உள்ள வெண்புள்ளி ஊசிமுனை அளவில் இருந்தால் விளக்கு சிறியது, அல்லது தொலைவில் நிற்கிறது என்று பொருள். முகத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றுதான். ஒளியின் மென்மை பல்பின் வாட்டைப் பொறுத்ததன்று. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த விளக்கு எவ்வளவு பரப்பை அடைத்துக்கொண்டு தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆயினும் அது நம் வானில் அரைப் பாகை அளவே தெரிவதால்தான் வெயிலில் நிழல் அவ்வளவு கடுமையாக விழுகிறது.

ஆகவே இரண்டடிப் பெட்டியை எட்டடி தள்ளி வைத்திருந்தால், அதை மூன்றடிக்குள் கொண்டுவர வேண்டும். படத்தின் விளிம்பில் பெட்டி தெரியத் தொடங்கும் வரை நெருக்கி, பிறகு ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் போதும். தூரம் பாதியாகும்போது வெளிச்சம் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் கூடும் (வெளிச்சம் இருமடங்காவது ஒரு ஸ்டாப்) என்பதால், ஐஎஸ்ஓவையும், அதாவது கேமரா ஒளியை உணரும் திறனையும், அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள முடிகிறது. மேலே சொன்ன நான்கு பல்புப் பெட்டி ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும்போது ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/100 நொடி ஷட்டர் என்ற அளவை ஒட்டி ஒளிப்பதிவு (படத்தில் பதியும் ஒளியின் அளவு) அமையும். இதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

நெருக்கிய பின்னும் நிழல் கடுமையாகவே இருந்தால், குறை பெட்டிக்குள் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: ஆளை விட்டுவிட்டு, ஒளிப்பதிவை நன்றாகக் குறைத்து, பெட்டியின் முகப்புத் துணியை மட்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். துணி முழுவதும் ஒரே வெண்மையாகத் தெரியாமல் நான்கு சிறு சூரியன்கள் தெரிந்தால், துணி பல்புகளுக்கு மிக அருகில் இருக்கிறது. பெட்டி பார்க்கப் பெரியதாக இருந்தாலும் ஒளி தருவது அந்த நான்கு புள்ளிகள்தான். பல்புகளுக்கும் துணிக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் இன்னொரு அடுக்கு பட்டர் பேப்பரை நிறுத்தினால் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் துணி முழுவதும் ஒளிரும். உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிட்டு வெள்ளைச் சார்ட் ஒட்டுவது நல்லது; வழவழப்பான தாள் ஒளியைத் திட்டுத் திட்டாக எறியும்.

வெளிச்சம் போதவில்லை என்பதற்காக, முன்பு திருமண வீடியோக்களுக்குப் பயன்பட்ட ஹாலஜன் விளக்கை அட்டைப்பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அதன் சூட்டில் அட்டையும் துணியும் தெர்மாகோலும் எளிதில் தீப்பற்றிக்கொள்ளும்.

மினுமினுப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், டிஷ்யூ தாளால் முகத்தைத் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பவுடர் அப்பினால் அது வேறொரு குறையாகப் படத்தில் நிற்கும்.

பின்சுவரில் கறுப்பு நிழல் விழுகிறது

ஆள் சுவரை ஒட்டி நிற்கிறார். குறைந்தது ஐந்தடி முன்னால் வரச் சொல்லி, விளக்கைத் தலைக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தினால் நிழல் படத்துக்குக் கீழே இறங்கிவிடும். அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கதவைத் திறந்து அடுத்த அறையின் இருட்டைப் பின்னணியாக்குவது, அதே அறைக்குள் விளக்கோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது.

மூக்குக்கண்ணாடியில் பெட்டி தெரிகிறது

கண்ணாடியில் ஒளி படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்பதால், கேமராவையும் பெட்டியையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வைத்தால் பெட்டி கண்ணாடியில் தெரிந்தே தீரும். முதல் திருத்தமாகப் பெட்டியை உயர்த்தி, கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அது போதாதபோது, கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேல் அரைச் சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் கண்ணாடியின் முகப்பு சற்றே தரையை நோக்கிச் சாயும். படத்தில் அந்தச் சாய்வு தெரியாது, பிரதிபலிப்பு மட்டும் விலகிவிடும். ஒளியைப் பக்கவாட்டுக்கு நகர்த்துவது கடைசி வழி, ஏனெனில் அப்போது கண்ணாடிச் சட்டத்தின் நிழல் கண்ணின்மேல் விழத் தொடங்கும். பெரியவர்களைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வதைத் தவிர்க்கலாம். அவர்களைத் தினமும் பார்ப்பவர்களுக்குக் கண்ணாடியில்லாத முகம் வேற்று முகமாகத் தோன்றும்.

படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் தெரிகின்றன

இதில் இரண்டு வகை உண்டு. மெல்லிய பட்டைகள் பல வரிசையாக ஓடினால் காரணம் மின்சாரம். நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. மலிவான எல்இடி பல்பும் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் அதனால் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. சென்சார் வரி வரியாகப் படிக்கப்படும் மின்னணு ஷட்டரிலும் கைபேசியிலும் இந்த ஏற்ற இறக்கம் பட்டைகளாகப் பதிகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடிக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வரியும் முழு அலையைப் பெற்று, பட்டை மறைந்துவிடும். வேகமான ஷட்டர் கட்டாயம் வேண்டுமென்றால் இயந்திர ஷட்டருக்கு மாறிப் பார்க்கலாம், அல்லது நல்ல டிரைவர் (பல்புக்குள் மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) கொண்ட பல்பை வாங்க வேண்டும். ஒரு பல்பை வாங்கும்போதே கைபேசியின் கேமராவை அதன் அருகில் பிடித்துப் பார்த்துவிட்டால், பட்டை ஓடுகிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

படத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு அகலமான கறுப்புப் பட்டை இருந்தால், ஃபிளாஷ் பயன்படுத்தும்போது ஷட்டர் வேகம் வரம்பு மீறிவிட்டது என்று பொருள். பெரும்பாலான கேமராக்களில் அந்த வரம்பு 1/160 முதல் 1/250 நொடிக்குள் இருக்கும். அதற்கு மேல் போனால் ஷட்டரின் முதல் திரை முழுவதும் திறப்பதற்குள் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுகிறது.

முகத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்

வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமராவில் செய்யும் நிறத் திருத்தத்தை) எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது, ஏனெனில் படத்தில் இரண்டு நிறங்களில் ஒளி இருக்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் கூடக்கூட நிறம் நீலத்தை நோக்கிப் போகும். மஞ்சள் பல்பு ஏறத்தாழ 2700 கெல்வின். கடைகளில் கூல் டேலைட் என்று விற்கும் பல்பு 6500 கெல்வின். ஜன்னல் வழியே வரும் நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின். கூடத்து ட்யூப்லைட்டை அணைப்பதே முதல் திருத்தம். ஜன்னல் ஒளியோடு சேர்த்துப் பெட்டியையும் பயன்படுத்த வேண்டுமானால் நான்கு பல்புகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாகவும் 5500-ஐ ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 6500-ஐ வைத்துச் சமாளிக்கலாம், 2700-ஐ வைத்து முடியாது.

நிறம் இரண்டாகப் பிரியாமல், தோல் மட்டும் சோகை பிடித்ததுபோல் வெளிறித் தெரிந்தால் பல்பின் நிறத் தரம் குறைவு. பல்பு விற்கப்படும் அட்டைப்பெட்டியின்மீது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு) என்று அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 80 என்பது வீட்டுக்குப் போதும். முகத்துக்கு 90-க்கு மேல் வேண்டும். மலிவான எல்இடியில் சிவப்புப் பகுதி குறைவாக இருப்பதால், உதட்டிலும் கன்னத்திலும் உள்ள செம்மை படத்துக்கு வருவதேயில்லை. இல்லாத ஒளியை மென்பொருளால் கொண்டுவர முடியாது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையின் மடிப்புகளும் நெற்றிக் குங்குமமும் மடிப்போ துகளோ தெரியாத ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகின்றன. அங்கே சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். வெண்மை கறுப்பை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவுகளைக் கேமரா காட்டும் வரைபடத்தில்) இது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (சென்சார் பதிந்தது பதிந்தபடியே சேமிக்கப்படும் கோப்பாக) எடுக்க வேண்டும். முகூர்த்தப் புடவையில் எடுக்கும் படங்களில் இந்த ஒரு திருத்தமே புடவையைக் காப்பாற்றும்.

தோட்டத்தில் எடுத்த படத்தில் தாடைக்கடியில் பச்சை படிவது, வாழையிலையும் புல்லும் திருப்பியனுப்பும் ஒளியால். ஆளை மர நிழலின் ஓரத்துக்கு, திறந்த வானத்தை நோக்கி நகர்த்தி, மார்பளவில் தெர்மாகோலைப் பிடித்தால் பச்சை அடங்கும்.

வெளியே எடுத்த படத்தில் கண்குழிகள் இருண்டு கிடக்கின்றன

வெளிப்புறப் படங்களின் குறைகளில் இதுவே தலையாயது. நம் ஊரில் இது இன்னும் கடுமை. குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் கோடை நண்பகலை மட்டும் தவிர்க்கச் சொல்லும். சென்னையோ ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். சூரியன் மிகத் தெற்கே போகும் டிசம்பர் 21-ஆம் நாளில்கூட நண்பகலில் அது 53 பாகை உயரத்தில் இருக்கும். அந்த வழிகாட்டிகள் சொல்லும் பொன்னொளி நேரமும் இங்கே ஒரு மணி நேரம் நீடிப்பதில்லை: சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், ஆறு பாகை உயரத்திலிருந்து தொடுவானத்தைத் தொட ஏறத்தாழ 25 நிமிடங்களே ஆகின்றன. மாலை ஐந்து மணிக்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அதன் பிறகு புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஒளி போய்விடும்.

அப்படியானால் பகலில் என்ன செய்வது? மேலிருந்து வரும் ஒளியை மறைத்துவிட்டு, முன்னிருந்து வரும் ஒளியை மட்டும் விட வேண்டும். இதற்குச் செட்டிநாட்டு வீடுகளின் உள்முற்றத்தைவிட நல்ல பாடம் கிடையாது. முற்றத்தின் நடுவே ஆளை நிறுத்தினால் வானம் உச்சந்தலையில் கொட்டி, புருவ நிழலில் கண்கள் மறைந்துவிடும். அதே ஆளைத் தாழ்வாரத்துக்குள் இரண்டடி தள்ளி நிறுத்தி, முற்றத்தைப் பார்க்கத் திருப்பினால், ஓட்டுக்கூரை மேல் ஒளியை வெட்டிவிடும். முற்றத்துத் தரையும் எதிர்ச்சுவரின் வெள்ளையும் ஒளியை முகத்துக்கு நேராகத் திருப்பியனுப்பும். கருவிழியில் முற்றம் முழுவதும் ஒரு வெளிச்சக் கட்டமாகத் தெரியும். இன்னும் இரண்டடி உள்ளே தள்ளினால் ஒளி குறைவதோடு பின்னணியும் இருண்டு, முகம் மட்டும் எழுந்து நிற்கும். முற்றம் வைத்த வீடு இல்லாதவர்கள் கார் நிறுத்தும் போர்டிகோ, கோயில் மண்டப ஓரம், கடையின் தகரப் பந்தல் என எதிலும் இதே இரண்டடிக் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம்.

கூரையே இல்லாத வெளியில், ஆளை நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு முழுச்சுற்று சுற்றச் சொல்லி, அவர் கண்களை மட்டும் கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு திசையில் வெள்ளைச் சுவரோ மணல்வெளியோ ஒளிர்ந்த மேகமோ எதிர்ப்படும்போது கண்ணில் சட்டென்று உயிர் வரும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்படி ஒரு திசையும் கிடைக்காவிட்டால், வேட்டி விரித்த பிவிசி சட்டத்தைத் தலைக்கு மேல் இருவர் பிடிக்க, ஒருவர் தெர்மாகோலை முன்னால் பிடிக்கலாம். தெர்மாகோலை இடுப்புக்குக் கீழே இறக்கினால் மோவாய்க்கடியிலிருந்து ஒளியேறி முகம் பேய்க்களை கொள்ளும். மார்புக்கு மேல்தான் அதன் இடம்.

வெயிலில் கண்ணைச் சுருக்குபவரிடம், கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணி முடித்ததும் திறக்கச் சொன்னால், திறந்த அந்த நொடியில் ஓரிரு நல்ல படங்கள் கிடைக்கும்.

மேகமூட்டமான நாளில் இதற்கு எதிரான குறை: நிழலே இல்லாமல் முகம் தட்டையாக இருக்கும். அப்போது ஒளியைச் சேர்க்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும். விரித்த கறுப்புக் குடையை ஒரு கன்னத்துக்கு ஓரடி அருகில், படத்தில் தெரியாமல் பிடித்தால் அந்தப் பக்கம் இருண்டு, முகத்துக்கு வடிவம் வந்துவிடும்.

பல்புப் பெட்டியை வெளியே கொண்டுபோனால் எரிகிறதா என்பதே தெரியவில்லை

பெட்டியில் பழுது இல்லை. அது ஒரு மீட்டர் தொலைவில் ஐந்நூறு, அறுநூறு லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) தரும். நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை ஒட்டியது. அந்த வெயிலில் அரைப்பங்கைத் திருப்பியனுப்பும் தெர்மாகோல் பலகை, மின்சாரமே இல்லாமல் அந்தப் பெட்டியைப்போல் பல மடங்கு ஒளி தரும். பகலில் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடலாம். சூரியன் மறைந்த பின் கிடைக்கும் இருபது நிமிட அந்தி வெளிச்சத்தில் மட்டும் அது வெளியிலும் பயன்படும். அப்போதும் ஈர மணலில் எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுப்பதைவிடப் பேட்டரியில் எரியும் விளக்கு பாதுகாப்பானது.

முகம் கறுத்து, வேட்டி வெளுத்துப் போகிறது

கேமராவின் மீட்டர் தன் முன் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர் என்று படமே வெண்மையாக இருந்தால் அது ஒளியைக் குறைத்து, முகத்தை இருட்டில் தள்ளிவிடும். புள்ளி அளவீட்டுக்கு மாறி, கன்னத்தை மட்டும் அளக்க வேண்டும். மாநிறத்துக்கு மீட்டர் காட்டும் அளவு ஏறக்குறைய பொருந்தும்; நல்ல கறுப்பு நிறத்துக்கு அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்தால்தான் உள்ள நிறம் உள்ளபடி வரும். அதன் பிறகும் வேட்டி வெளுத்தால் ஒளியை வேட்டியிலிருந்து விலக்க வேண்டும்: பெட்டியை உயர்த்தி அதன் அடிவிளிம்பில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டால், இடுப்புக்குக் கீழே வெளிச்சம் குறையும்.

கறுத்த தோலை வெளுப்பாக்கிக் காட்டுவதைத் திருத்தம் என்று கொள்ளக் கூடாது. கைபேசியில் தானே இயங்கும் அழகூட்டும் வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். கறுத்த முகத்துக்கு வடிவம் தருவது கன்னத்திலும் நெற்றியிலும் படரும் அகன்ற மினுக்கம். பெரிய பெட்டியைப் பக்கவாட்டில் நெருக்கி வைத்தால் அது அழகாக அமையும். அங்கே டிஷ்யூ தாளுக்கும் அவ்வளவு வேலையில்லை.

படம் மங்கலாக இருக்கிறது

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது; ஆள் மட்டும் மங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இரண்டுக்கும் ஷட்டரை 1/125-க்கு மேலும், குழந்தைகளுக்கு 1/250-க்கு மேலும் உயர்த்த வேண்டும். காது கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் அதைவிட்டு வெளியேறிவிடும். எஃப் 4-க்கு மூடினால் இருமடங்குக்கு மேல் ஆழம் கிடைக்கும்.

படம் முழுவதும் பால் கலந்ததுபோல் இருந்தால் லென்ஸைப் பார்க்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் கண்ணாடியில் நீர் படியும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும் என்பதால், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறப்பதே வழி. நீர் இல்லையென்றால் உப்புப் படலமாகவோ, எதிர்வெயில் லென்ஸில் நேரே படுவதாகவோ இருக்கும். பின்னதற்கு லென்ஸுக்கு மேல் ஓர் உள்ளங்கை நிழல் போதும்.

மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிகின்றன

கேமரா மிக அருகில் இருக்கிறது. கைபேசியின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகன்ற காட்சிக்கோணம் கொண்டது என்பதால், முகம் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் ஓரடிக்கு நெருங்க வேண்டியிருக்கிறது. ஐந்து ஆறடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் மூக்கு தன் அளவுக்குத் திரும்பும்.

கடற்கரையில் சட்டமும் தெர்மாகோலும் நிற்பதில்லை

கோடையில் சென்னைக் கடற்கரையோரம் கடற்காற்று நண்பகலை ஒட்டி வீசத் தொடங்குகிறது. தனுஷ்கோடியிலோ காற்று ஓயும் நேரமே அரிது. விரித்த வேட்டி அங்கே பாய்மரம் ஆகிவிடும். சட்டத்தின் கால்களில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டி, தெர்மாகோலை இரண்டாக வெட்டிப் பாதியை மட்டும் பயன்படுத்தி, காற்றுக்கு அதன் விளிம்பைக் காட்டிப் பிடிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் கடலைப் பின்னணியாக வைத்தால் காலையில் சூரியன் ஆளின் முதுகிலும் மாலையில் முகத்திலும் படும். காலைப் படத்துக்குத் தெர்மாகோல் இன்றியமையாதது. மாலையில் அது தேவையே இல்லை என்பதால், காற்று மிகுந்த மாலையை வெறுங்கையோடு சமாளிக்கலாம்.

ஸ்டாண்டை ஊன்றவே முடியாத இடங்களும் உண்டு. மாமல்லபுரம் போன்ற, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் கேமரா முக்காலியும் (டிரைபாட்) விளக்குத் தாங்கியும் வைக்க முன் அனுமதி பெற வேண்டும். அங்கே போவதானால் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஒரு நண்பரையும் பாதித் தெர்மாகோலையும் அழைத்துச் செல்வதே வழி. ரயில் தண்டவாளத்துக்கோ எந்தத் திருத்தமும் இல்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட முக்கியமாக, லென்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. தண்டவாளத்தின் கோடுகள் படத்துக்கு ஆழம் தருகின்றன என்பதற்காகத்தான் அங்கே போக விரும்புகிறார்கள் என்றால், அதே ஆழத்தை வயல்வரப்பும் சோலை நடுவே ஓடும் மண்சாலையும் கொடுத்துவிடும்.